ஆட்டோமேட்டிக் ஜென்னை மேனுவல் ஆக்குறேன்: கிளட்ச், பிரேக் பெடல் எதைப் போடறது?

ரெயின்போநகர்_வாசி:

வணக்கம். பாண்டிச்சேரி ரெயின்போ நகர்ல இருந்து எழுதுறேன். வண்டி 1998 மாருதி ஜென், கார்புரேட்டர், மூணு கியர் ஆட்டோமேட்டிக். அப்பாவுக்கு சின்ன வயசுலயே இடது கால் போலியோ. தெருவே 800 வாங்கிட்டு இருந்த காலத்துல, ஒத்தக் கால்ல ஓட்டற வண்டி வேணும்னு தேடிப் பிடிச்சு வாங்கினார். 22 வருஷம் அவர் மட்டும்தான் ஓட்டினார். சாவியை எனக்குக் கூட தரமாட்டார். 2020ல அவர் போனதுக்கு அப்புறம்தான் என் கைக்கு வந்துச்சு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். எங்க தெருவுல சாதாரண மழைக்கே தண்ணி நிக்கும், அன்னிக்குக் கேக்கவே வேணாம். போர்ட்டிகோவுல நின்ன வண்டிக்கு சீட்டு வரைக்கும் தண்ணி. வடிஞ்ச பிறகு இன்ஜின் ஆயில் மாத்தி, பிளக் கழட்டிக் காயவெச்சு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைச்சு ஸ்டார்ட் பண்ணோம். ரெண்டாவது சுத்துல பிடிச்சுக்கிச்சு. அந்த சந்தோஷத்துல கியர்பாக்ஸை யாரும் நினைக்கல. ரெண்டு வாரம் ஓட்டின பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்தா, சிவப்பா இருக்க வேண்டிய ஆயில் ரோஸ்மில்க் மாதிரி இருக்கு. இப்ப 'டி' போட்டா மூணு எண்ணற வரைக்கும் சும்மா இருந்துட்டு அப்புறம் முதுகுல ஒரு உதை விடுது. ரிவர்ஸ் சுத்தமா இல்ல.

பாக்ஸைப் பிரிச்சு செய்ய ஆள் கேட்டேன். செய்யறேன்னவங்க பார்ட்ஸ் இல்லன்னாங்க, பார்ட்ஸ் இருக்குன்னவங்க சொன்ன ரேட்டுக்கு ஓடற ஜென் ரெண்டு வாங்கலாம். அதான் மேனுவலா மாத்திடலாம்னு முடிவு. கடலூர் ரோட்ல ஒரு காயலான் கடையில முன்னாடி அடிபட்ட ஜென் கிடைச்சுது. 5 கியர் பாக்ஸ், ஃபிளைவீல், கிளட்ச் செட், ரெண்டு டிரைவ் ஷாஃப்ட், கியர் ராடு எல்லாம் அதுல இருந்து எடுத்தாச்சு. பெடல்தான் மாட்டிக்கிச்சு. கடைக்காரர் கிளட்ச் பெடலை மட்டும் தனியா கழட்டி, சிரிச்சுக்கிட்டே கையில குடுத்துட்டார். பிரேக் பெடலும் பிராக்கெட்டும் வேற யாருக்கோ போயிடுச்சாம்.

இப்ப எனக்கு மூணு பேர் மூணு வழி சொல்றாங்க. எங்க ஏரியா வெல்டர், இருக்கிற அகலப் பிரேக் பெடல்ல இடது பாதியை வெட்டிட்டு, பக்கத்துல கிளட்ச் பெடலைத் தொங்கவிட்டா அரை மணி நேர வேலைன்றார். நண்பர் ஒருத்தர், ரெண்டு பெடலும் பிராக்கெட்டோட முழுசா வேற வண்டியில இருந்து எடுன்றார். இன்னொருத்தர் வீடியோ பார்த்துட்டு, ரெடிமேடா ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்துல வேலை செய்யற) கிளட்ச் பெடல் விக்குது, அதைப் போடுன்றார்.

ஒரு சின்ன விஷயம், சிரிக்காதீங்க. பழைய பிரேக் பெடல் ரப்பர்ல வலது பாதி மட்டும் கண்ணாடி மாதிரி தேஞ்சு, கீழ இரும்பு மினுக்குது. இடது பாதியில கோடெல்லாம் கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கு. அப்பா கால் பட்ட இடம் அவ்வளவுதான். முடிஞ்சா அந்தப் பெடலையே வெச்சுக்கணும்னு ஆசை. வண்டியை என் மனைவியும் ஓட்டணும். அவங்க உயரம் 5 அடி.


முத்தியால்பேட்டை_ரேஸர்:

ப்ரோ, ரொம்ப யோசிக்கிறீங்க. கிரைண்டர் எடுங்க, வெட்டுங்க, முனையை ராவிட்டு ரப்பர் ஒட்டுங்க, முடிஞ்சுது. என் மாமா வண்டிக்கு இப்படித்தான் பண்ணோம். ஓடிட்டு இருக்கு.


கெடிலக்கரை:

ரேஸர் தம்பி, மாமா நல்லா இருக்கட்டும். அந்த வண்டியை ஒரு தடவை என்கிட்ட அனுப்பி வைங்க.

ரெயின்போ தம்பிக்கு. அப்பா வண்டின்னு சொன்னதால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். திருப்பாப்புலியூர்ல முப்பது வருஷமா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். 2011 தானே புயல், 2015 வெள்ளம்னு தண்ணி குடிச்ச வண்டிங்களை வரிசையா பார்த்தவன். ரோஸ்மில்க் ஆன பாக்ஸ்ல ஆயிலை மட்டும் மாத்தி ஓட்டலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. ஆட்டோ பாக்ஸ் உள்ள இருக்கிற பிளேட்டுங்க மேல காகிதம் மாதிரி ஒரு லைனிங்கைப் பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. தண்ணி போனா அது ஊறி, செதில் செதிலா உரியும். உங்க வண்டி மூணு எண்ணிட்டு உதைக்குதுன்னா உள்ள உரிய ஆரம்பிச்சாச்சு. மேனுவலுக்குப் போறது சரியான முடிவுதான்.

இப்ப பெடல். மேல ஒரு ஷாஃப்ட்ல தொங்கற பெடலை பாக்குவெட்டின்னு நினைச்சுக்குங்க. ஒரு முனையில ஆணி, நடுவுல பாக்கு, இன்னொரு முனையில கை. பெடல்ல மேல பிவட், கொஞ்சம் கீழ பூஸ்டருக்கு (கால் பலத்தைக் கூட்டிக் குடுக்கற டப்பா) போற ராடு, கடைசியில உங்க கால். பிவட்ல இருந்து கால் வைக்கிற இடம் 240 மி.மீ., ராடு பின் 60 மி.மீ. தூரம்னு வைங்க. நாலு பங்கு. நீங்க 20 கிலோ அமுக்கினா ராடுல 80 கிலோ. பூஸ்டர் இருக்கிற வண்டிக்கு இந்தப் பங்கு 4, 5ன்னு இருக்கும். பூஸ்டர் இல்லாத பழைய வண்டிக்கு 6, 7 வேணும். இது கூடிட்டா பிரேக் லேசாகும், ஆனா பெடல் தரை வரைக்கும் போகும். குறைஞ்சிட்டா கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும். வேற வண்டிப் பெடல், ரெடிமேட் பெடல்னு எதை மாட்டினாலும் முதல்ல டேப் வெச்சு இந்த ரெண்டு தூரத்தையும் அளக்கணும். கண்ணால பார்த்தா ஒண்ணு மாதிரியேதான் தெரியும்.

வெட்டற யோசனைக்கு வருவோம். ஆட்டோமேட்டிக்ல பேட், அதாவது கால் வைக்கிற தகடு, அகலமா இருக்கறது அங்க கிளட்ச் இல்லாததால. பெடலோட கை, அதாவது மேல இருந்து இறங்கற கம்பி, அந்த அகலத்துக்கு நடுவுல சேரும். இடது பாதியை வெட்டினா மிச்ச பேட்ல கை ஒரு ஓரமா நிக்கும். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் பெடல் நேரா போகாம முறுக்கிக்கிட்டுப் போகும். மேல ஷாஃப்ட்டைச் சுத்தி இருக்கிற வளையம், புஷ்னு சொல்வோம், ஒரு பக்கம் தின்னு முட்டை மாதிரி ஆயிடும். மிச்ச பேட் ஆக்சிலேட்டர் பக்கமா ஒட்டி வேற வந்திருக்கும். சரி, கையைச் சூடு பண்ணி வளைச்சுக்கலாம்னு வெல்டர் சொல்வார் பாருங்க, அங்கதான் நான் கையெடுத்துக் கும்பிடறது. பேட்டை வெட்டறது ஒரு தப்பு, பிரேக் கையில சூடு காட்டறது வேற தப்பு. கேட்டு கம்பி, ஜன்னல் கம்பி எல்லாம் அவர் அழகா ஒட்டுவார். ஆனா நடு ரோட்ல நாய் குறுக்கே வந்து நீங்க முழு பலத்தோட மிதிக்கிற அந்த ஒரு தடவைக்காகத்தான் பிரேக் கையே இருக்கு.

ஹைட்ராலிக் வேணாம். ஜென் கிளட்ச் கேபிள். பாக்ஸ்ல இருக்கிற லீவர் கேபிள் இழுக்கறதுக்குன்னே செஞ்சது. அதை ஹைட்ராலிக் ஆக்கணும்னா மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், பைப், அதுக்கு பிராக்கெட்னு ஒரு தனி வேலை. லாபம் ஒண்ணும் இல்ல.

ஆக, முழு செட். பிராக்கெட், ஷாஃப்ட், ரெண்டு பெடல், ஸ்பிரிங், எல்லாம் ஒரே மேனுவல் ஜென்ல இருந்து. கிளட்ச் பெடலுக்கும் பங்குக் கணக்கு உண்டு. அது இழுக்கிற நீளத்துக்குத்தான் கேபிள், அந்தக் கேபிளுக்குத்தான் பாக்ஸ் லீவர். வேற மாடல் பெடலைப் போட்டு இழுப்பு 5 மி.மீ. குறைஞ்சாலும் கிளட்ச் முழுசா விடாது. ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கரகரன்னு பல் அரைக்கும், நீங்க பாக்ஸை சந்தேகப்படுவீங்க.

வாங்கும்போது பேட்டைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா புஷ் போச்சு. அது சின்ன விஷயம், புதுசு போட்டுக்கலாம். புஷ் உக்கார்ற ஓட்டையே நீள்வட்டமா ஆயிருந்தா வேணாம். வலது முன்பக்கம் நல்லா அடிபட்ட வண்டியோட பிராக்கெட்டும் வேணாம், கோணல் கண்ணுக்குத் தெரியாது. கை சேர்ற இடத்துல யாராவது ஏற்கெனவே வெல்டு வெச்சிருக்காங்களான்னு துணியால துடைச்சுட்டுப் பாருங்க, கறுப்பு பெயிண்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. நம்ம ஊர் கடல்காத்து வண்டியா இருந்தா பிராக்கெட் போல்ட் ஓட்டைங்களைச் சுத்தி துரு பாருங்க. இங்க நம்ம பக்கம் கிடைக்கலன்னா ஒரு நாள் சென்னை புதுப்பேட்டை போயிட்டு வாங்க. "பெடல் குடு"ன்னு கேட்டா பெடலைத்தான் குடுப்பான். "பிராக்கெட்டோட"ன்னு கேட்டு, அவன் கழட்டற வரைக்கும் அங்கயே நில்லுங்க.

முக்கியமானதை இப்பத்தான் சொல்றேன், இதை யாரும் யோசிக்கறதில்ல. கேபிளோட வெளி உறை, இன்ஜினுக்கும் உங்க காலுக்கும் நடுவுல இருக்கிற ஃபயர்வால் தகட்டுல முட்டிக்கிட்டு நிக்கும். நீங்க கிளட்ச்சை மிதிக்கும்போது உள் கம்பி இழுக்கிற அதே பலத்தோட அந்த உறை தகட்டைத் தள்ளும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மிதிப்பீங்க, கணக்கு போட்டுக்குங்க. ஒரு வண்டியில, எந்த மாடல்னு வேணாம், மேனுவலா மாத்தி ஒரு வருஷத்துல கேபிள் ஓட்டையைச் சுத்தி தகடு நட்சத்திரம் மாதிரி கீறி நின்னதை என் கண்ணால பார்த்திருக்கேன். அவங்க கேபிள் நீளுதுன்னு மூணு கேபிள் மாத்தியிருக்காங்க. நீண்டது கேபிள் இல்ல, தகடு. அதனால பாய் விரிப்பைத் தூக்கிட்டு, அந்த இடத்துல ஒருத்தர் உள்ள இருந்து மிதிக்க, இன்னொருத்தர் பானட் பக்கம் விரல் வெச்சுப் பாருங்க. தகடு மூச்சு விட்டுதுன்னா ரெண்டு பக்கமும் 3 மி.மீ. தகடு குடுத்து போல்ட் போட்டு இறுக்கணும். உங்க வண்டி தண்ணியில ஊறினது, பாய்க்குக் கீழ துரு இருக்கும், கட்டாயம் பாருங்க.

வயரிங் ரெண்டு வார்த்தை. ஆட்டோமேட்டிக் 'பி' (பார்க்கிங்), 'என்' (நியூட்ரல்) ரெண்டுலதான் ஸ்டார்ட் ஆகும். அந்த ஸ்விட்ச் பாக்ஸோட போயிடும், அந்த ரெண்டு வயரை சேர்க்காம சாவி திருப்பினா சத்தமே வராது. சேர்த்துட்டா கியர்ல இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும், ஞாபகம் வெச்சுக்குங்க. ரிவர்ஸ் லைட் வயரை புது பாக்ஸ் ஸ்விட்ச்சுக்குக் கொண்டு போகணும். கார்புரேட்டர்ல இருந்து பாக்ஸுக்கு வர்ற கேபிளைக் கழட்டிடுங்க. தொங்கவிட்டா ஆக்சிலேட்டர்ல மாட்டும்.

கடைசியா ஒரு அசிங்கத்தைச் சொல்லிடறேன். பல வருஷம் முன்னாடி ஒரு வண்டிக்குப் பெடல் செட் மாத்தினேன். மேல பிளே (பெடல் சும்மா போற தூரம்) கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குன்னு பூஸ்டர் ராடை ரெண்டு மரை வெளிய எடுத்துட்டேன். கஸ்டமர் மிதிச்சுப் பார்த்துட்டு "ஆஹா, மேலயே பிடிக்குது"ன்னு போனார். அரியாங்குப்பம் பாலம் தாண்டறதுக்குள்ள ஃபோன். முன் சக்கரம் ரெண்டுலயும் புகை. காரணம், ராடு நீளமா இருந்தா பெடலை விட்டாலும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுசா பின்னாடி வராது. ஆயில் திரும்பிப் போற சின்ன ஓட்டை மூடியே நிக்கும். சூடு ஏற ஏற ஆயில் விரிஞ்சு, கால் வைக்காமலே பிரேக் பிடிக்கும். தப்பு என்னுது, அவர்கிட்ட காசு வாங்கல. ராடை தொடாதீங்க. தொட்டா, பெடலை விட்ட நிலையில கையால அமுக்கி ஒரு சின்ன பிளே இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கணும்.


பாகூர்_ஏரி:

மெக்கானிக் அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல, காகித வேலை மட்டும் சொல்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, ஆர்சியில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொல்லிச்சு. அதனால வேலையை முடிச்சுட்டுப் போய் நிக்காம, முதல்லயே ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்துக் கேட்டுடுங்க. உங்க வண்டி மாற்றுத்திறனாளி பேர்ல சலுகையோட பதிவாகியிருந்தா அதையும் ஆர்சியில பாருங்க. 1998 வண்டின்னா 15 வருஷம் முடிஞ்சு 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சிருப்பீங்க, அடுத்தது 2028. அன்னிக்கு இன்ஸ்பெக்டர் முதல்ல பார்க்கப் போறது பிரேக். இன்ஷூரன்ஸ்காரங்களுக்கும் ஒரு கடிதம் போடுங்க.


ரெயின்போநகர்_வாசி:

கெடிலக்கரை அண்ணே, ரெண்டு தடவை படிச்சேன். வெல்டர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன், ரெண்டு நாளா முகம் குடுத்துப் பேசல.

ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி கேட்டிருக்கேன். ஆர்சியில சலுகை எதுவும் இல்ல, சாதாரணப் பதிவுதான்.

சனிக்கிழமை புதுப்பேட்டை போனேன். நீங்க சொன்ன மாதிரி அங்கயே நின்னேன். ஒன்றரை மணி நேரம், டாஷ்போர்டுக்குக் கீழ தலைகீழா படுத்து ஒரு பையன் கழட்டினான். பின்னாடி அடிபட்ட ஜென், முன்பக்கம் சுத்தம். முழு செட் 2,200 ரூபாய், கேபிளை சும்மா சேர்த்துக் குடுத்தாங்க (அதைப் போடப் போறதில்ல, புதுசு வாங்கிட்டேன்). பிரேக் பெடல் ஆட்டமில்ல. கிளட்ச் பெடல் லேசா ஆடுது.

வீட்டுக்கு வந்து பழைய பெடலையும் புதுசையும் தரையில பக்கத்துல பக்கத்துல வெச்சு அளந்தேன். பிவட்ல இருந்து ராடு பின் ரெண்டுலயும் ஒண்ணுதான். கால் வைக்கிற இடமும் ஒண்ணுதான். ஆனா கை வளைவு வேற. புதுசு ஒரு விரல் அளவு வலது பக்கம் வளைஞ்சு போகுது. வெட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அப்பத்தான் புரிஞ்சுது.

பாயைத் தூக்கினேன். கீழ தண்ணி இன்னும் ஈரமா இருக்கு அண்ணே, அஞ்சு மாசம் ஆச்சு! ஃபயர்வால்ல கேபிள் வர்ற இடத்துல ஒரு ரூபாய் காசு அளவு பொரிப் பொரியா துரு. ஸ்குரூடிரைவரால சுரண்டினா தகடு உள்ள போகல, ஆனா நம்பிக்கையும் வரல.

அப்பா பெடலை என்ன பண்றதுன்னு தெரியல. ரப்பரை மட்டும் வெட்டி புதுப் பெடல்ல ஒட்டிக்கலாமா?


மஞ்சக்குப்பம்_டீச்சர்:

உங்க மனைவி 5 அடின்னு சொன்னீங்க, அதை யாரும் கவனிக்கல. நான் அவங்களை விட ஒரு இஞ்ச் கம்மி. மஞ்சக்குப்பத்துல இருந்து நெல்லிக்குப்பம் ஸ்கூலுக்கு 9 வருஷமா கிளட்ச் வண்டிதான் ஓட்டறேன், அதனால சொல்றேன்.

ஆம்பளைங்க பெடலை அவங்க கால் நீளத்துக்கு செட் பண்ணிட்டு "சூப்பரா இருக்கு"ன்னு சாவியைக் குடுப்பாங்க. கிளட்ச் ரொம்ப மேல பிடிச்சா எங்களுக்கு முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும். சீட்டை முன்னாடி தள்ளினா இன்னும் மோசம். குதிகால் தரையில நிக்காம அந்தரத்துல காலை வெச்சு ஹாஃப் கிளட்ச் பிடிக்க முடியாது, ரயில்வே கேட்ல நிக்கும்போது தொடை நடுங்கும். என் வண்டியில முதல் ஆறு மாசம் முதுகுக்குப் பின்னாடி தலையணை வெச்சு ஓட்டினேன். அப்புறம் ஒரு மெக்கானிக்தான் கேபிளை செட் பண்ணித் தந்தார், பத்து நிமிஷ வேலை. அதனால கேபிள் இறுக்கற அன்னிக்கு அவங்களை சீட்ல உக்கார வைங்க. அவங்க வழக்கமா போடற செருப்போட. செருப்பு முக்கியம், என்னோட ஓரம் அகலமான செருப்பு ஒரு தடவை கிளட்ச்ல இருந்து காலை எடுக்கும்போது பிரேக் பேட் கீழ மாட்டிக்கிச்சு, பின்னாடி வந்த பஸ் டிரைவர் சொன்ன வார்த்தையை இங்க எழுத முடியாது.

கிளட்ச்சுக்குக் கீழ தடிமனான மேட் போடாதீங்க.


கெடிலக்கரை:

டீச்சரம்மா சொன்னது நூத்துக்கு நூறு. நான் எழுதியிருக்கணும், என் உயரம் 5 அடி 10, தோணல.

தம்பி, கிளட்ச் பேடும் பிரேக் பேடும் விட்ட நிலையில கிட்டத்தட்ட ஒரே உயரத்துல நிக்கணும். ரெண்டுக்கும் நடுவுல உங்க வீட்டு அகலமான செருப்பு உரசாம போகணும். கிளட்ச்சுல மேல கொஞ்சம் சும்மா போற பிளே கட்டாயம் வேணும். அதைச் சுத்தமா எடுத்துட்டா ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுந்திக்கிட்டே சுத்தும், பிளேட்டும் வழுக்கும். ஜாஸ்தியா விட்டா கியர் அரைக்கும். பாக்ஸ் பக்கத்துல இருக்கிற நட்டுலதான் அந்த அட்ஜஸ்ட்மென்ட். கிளட்ச் பெடல் புஷ் ரெண்டும் புதுசு போடுங்க, பழைய ஷாஃப்ட்டை உப்புக்காகிதத்துல தேச்சு கிரீஸ் வைங்க. ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாதீங்க, ரெண்டு ரூபாய் சாமான்.

துரு பிடிச்ச இடத்துக்கு ரெண்டு பக்கமும் தகடு. உள்ளங்கை அளவுக்குக் குறையாம வேணும், காசு அளவு ஓட்டையை அடைக்கற வேலை இல்ல இது. பலம் பரவணும். துருவை சுரண்டி பிரைமர் அடிச்சுட்டு வைங்க. பாய்க்கு அடியில இருக்கிற ஃபெல்ட்டைத் தூக்கிப் போட்டுடுங்க, அது காயாது.

ரப்பர் விஷயம். வேணாம் தம்பி. பிரேக் பேட்ல வெட்டின ரப்பரை ஒட்டினா ஒரு மழை நாள்ல பசை விட்டு கால் வழுக்கும். தேஞ்ச பாதிதான் உங்களுக்கு வேணும்னு தெரியுது, ஆனா பிடிமானம் இல்லாததும் அந்தப் பாதிதான். கிளட்ச்சுக்கு இடது பக்கம் கால் வைக்கிற மேடையா அதைப் பொருத்தலாமான்னு யோசிச்சேன். அங்க நடு கன்சோல் வந்துடும், இடம் பத்தாது. கிளட்ச்ல மாட்டினா அதைவிட ஆபத்து.


ரெயின்போநகர்_வாசி:

ஒரு மாசம் ஆச்சு, பதில் போடாம இருந்ததுக்கு மன்னிக்கணும். வேலை முடிஞ்சுது.

எங்க மெக்கானிக்கும் நானும் மூணு ஞாயித்துக்கிழமை. பெரிய வேலை பாக்ஸ் ஏத்தறதுன்னு நினைச்சேன், அது ஒரு நாள்ல முடிஞ்சுது. பெடலுக்குத்தான் ரெண்டு நாள். ஸ்டியரிங் காலமை இறக்கி, டாஷுக்குக் கீழ படுத்து, ஒரு கையால பிராக்கெட்டைத் தாங்கி இன்னொரு கையால நட்டு போடணும். நட்டு ஒண்ணு விழுந்து ஹீட்டர் டக்ட்டுக்குள்ள போயி, காந்தம் கட்டின கயிறு விட்டு எடுத்தோம். பூஸ்டர் ராடை யாரும் தொடல. நான் பக்கத்துலயே நின்னு அதை மட்டும் காவல் காத்தேன்.

ஃபயர்வால் தகடு 3 மி.மீ., உள்ளங்கை அளவு, ஆறு போல்ட். அதை வெட்டிக் குடுத்தது அதே வெல்டர்தான், இப்ப பேசறார். போடறதுக்கு முன்னாடி நீங்க சொன்ன மாதிரி விரல் வெச்சுப் பார்த்தோம் அண்ணே. நிஜமாவே மூச்சு விட்டுது. மனைவி உள்ள மிதிக்க மிதிக்க, என் விரலுக்குக் கீழ தகடு தவளைத் தொண்டை மாதிரி ஏறி இறங்குச்சு. தகடு போட்ட பிறகு அசையல.

டீச்சர் சொன்ன மாதிரி கேபிள் நட்டை மனைவி கால் வெச்சுத்தான் முடிச்சோம். அவங்க வீட்டு செருப்போட. எனக்கு இப்ப கிளட்ச் கொஞ்சம் கீழ பிடிக்கற மாதிரி இருக்கு, பழகிடும். முதல் ரன் கோரிமேடு வரைக்கும். மேட்டுல நிறுத்தி எடுத்தோம், பின்னாடி உருளல. ரெண்டாவது ரன் அரும்பார்த்தபுரம் மேம்பாலம். அங்க பாதியில டிராஃபிக் நின்னுச்சு, ரெண்டு தடவை ஆஃப் பண்ணிட்டேன். அது பெடல் தப்பு இல்ல. திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தையும் கையால தொட்டுப் பார்த்தேன், புகை சமாச்சாரம் படிச்சதில் இருந்து பயம். முன் ரெண்டும் ஒரே சூடு, பின் ரெண்டும் லேசா வெதுவெதுப்பு.

அம்மா முன் சீட்ல உக்காந்து வந்தாங்க. ஒவ்வொரு தடவை கியர் மாத்தும்போதும், "அவர் இவ்வளவு வேலை செய்ய மாட்டாரே"ன்னாங்க.

பழைய பெடல் டிக்கியில ஜாக்கி பக்கத்துல துணி சுத்திக் கிடக்கு. தூக்கிப் போட மனசு வரல.

இன்னும் ஒரு சந்தேகம். கன்சோல்ல பழைய பி, ஆர், என், டி எழுத்துக் கட்டைய இன்னும் கழட்டல, புது கியர் ராடு அதுக்கு முன்னாடி தனியா நிக்குது. ராத்திரி லைட் போட்டா 'பி'க்குக் கீழ பல்பு எரியுது. அதோட வயர் எங்க இருந்து வருது? வெட்டிட்டா டாஷ்போர்டு லைட் போயிடுமா?


கெடிலக்கரை:

கன்சோல் ஸ்குரூவை எடுத்துட்டு கட்டையைத் தூக்குங்க, அடியில ஒரு சின்ன கப்ளர் இருக்கும். வெட்டாதீங்க, பிடுங்கிட்டு முனைக்கு டேப் சுத்துங்க. மீட்டர் லைட்டுக்கு ஒண்ணும் ஆகாது. 500 கிலோமீட்டர் ஓடினதும் கேபிள் ஒரு தடவை உக்காரும். அப்ப கடலூர் பக்கம் வந்தா வண்டியை எடுத்துட்டு வாங்க, நட்டை ஒரு சுத்து பார்த்துடலாம்.